கடைசிப் பெயர் கேட்கும் கட்டம்

எங்கள் பகுதியிலிருந்து கல்லூரியில் சேர்ந்த மாணவி ஒருத்திக்கு உதவித்தொகை விண்ணப்பம் போடத் துணைக்குப் போயிருந்தேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஒரு கணினி மையம். அவளுடைய அம்மா அன்றைய நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் முறை வந்தது. மையத்துத் தம்பி மளமளவென்று தட்டிக்கொண்டே போனவர் இரண்டாவது கட்டத்தில் நின்றுவிட்டார்.

முதல் பெயர் என்று ஒரு கட்டம். அடுத்து, கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். இரண்டின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரக் குறி. நிரப்பியே ஆக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே பெயர். முன்னால் அப்பாவின் முதலெழுத்து. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான். தம்பி அந்த முதலெழுத்தை மட்டும் போட்டுப் பார்த்தார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது தளம். ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். அதையும் ஏற்கவில்லை. கடைசியில் நல்ல மனதோடுதான் கேட்டார்: "வடக்கத்திக்காரங்க எல்லாம் இதுல சாதிப் பேரத்தான் போடுவாங்க. நாமளும் போட்டுடலாமாக்கா?"

அந்த அம்மா பதறிவிட்டார். "வேணாம் தம்பி, அது மட்டும் வேணாம்."

வேறு வழியில்லாமல் பெண்ணின் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு அனுப்பினோம். சான்றிதழில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி, மறுபடி அனுப்பி, பணம் வந்து சேர்வதற்குள் அந்தப் பருவத்துக் கட்டணத்துக்கு அவர்கள் வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று.

அன்றிரவு இணையதள வடிவமைப்பாளராக வேலை செய்யும் தங்கை ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் காலனியில் பிறந்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் சொன்னாள்: "அண்ணா, அந்த நட்சத்திரம் தானா முளைக்கல. யாரோ ஒருத்தர் உக்காந்து அதுக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்காங்க. அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டா போயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். யோசிச்சதே இல்ல" என்றாள்.

அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

கட்டம் இணையத்துக்கு மூத்தது

ஆட்களைக் கட்டத்துக்குள் அடைப்பது கணினியோடு தொடங்கிய பழக்கம் அல்ல. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் என்ற பொறியாளர் துளையிட்ட அட்டைகளைப் புகுத்தினார். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. எந்த இடத்தில் துளை விழுந்தால் என்ன பொருள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் கருப்பின மக்களை அவர்களின் முன்னோரில் எத்தனை பங்கு கருப்பர் என்று பார்த்து, பாதி, கால், அரைக்கால் எனத் தனித்தனி வகைகளாகப் பிரித்து எழுதினார்கள். அட்டையில் இடமில்லாத எதுவும் எண்ணப்படாது. அட்டையில் இடமுள்ளதாகவே ஒருவர் ஆகியும் போவார். பின்னாளில் ஐபிஎம் ஆன நிறுவனத்தின் வேர்களில் ஒன்று ஹோலரித்தின் நிறுவனம்தான்.

கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது அரசியல் என்று நம் முன்னோர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள். 1907இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிவு செய்ய வேண்டும் என வலியுறுத்தினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் போராடி, அரசு ஆவணங்களில் இருந்த பழைய இழிபெயர்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயரைக் கொண்டுவரச் செய்தார். வெறும் பெயர் மாற்றத்துக்கா இவ்வளவு பாடு என்று அன்றும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீதிமன்றம் வரை தன்னைப் பற்றி எழுதப்படும் முதல் சொல்லே வசைச் சொல்லாக இருக்கும்போது, அந்தச் சொல்லை மாற்றுவதில்தான் மற்ற உரிமைகளும் தொடங்கும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் வெறும் முதலெழுத்தோடு இருப்பதற்கு அந்த இயக்கம் ஒரு முக்கியக் காரணம். இதில் நாம் மறக்கக்கூடாத ஒரு வேறுபாடு உண்டு. மற்றவர்கள் துறந்தது பட்டம். அது அவர்களுக்குப் பெருமையாக இருந்த ஒன்று. நம் பாட்டன் பூட்டன்களின் பெயரோடு ஒட்டியிருந்தது பட்டம் அல்ல. கூப்பிடும் ஒவ்வொரு முறையும் விழுந்த அடி அது. ஆகவே கடைசிப் பெயர் இல்லாமல் இருப்பது அந்த அம்மாவுக்குக் குறை இல்லை. மூன்று தலைமுறை பட்டுப் பெற்ற நிம்மதி அது. அதைத்தான் அந்தக் கட்டம் திருப்பிக் கேட்டது.

வாசிக்க வந்தவரிடம் பெயர் கேட்டது

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலைக்கான முதல் திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் பொதுச் சாலையில் நடக்கவும் போராடிய சமூகத்துக்கு, அந்த அறிவிப்பின் அருமை சொல்லாமலே புரியும்.

அப்போது வலை என்பது வாசிப்பதற்கான இடம். பக்கத்தைத் திறக்கலாம், படிக்கலாம், இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நீ யார் என்று அது கேட்கவில்லை. 1993 இறுதியில் மொசைக் உலாவியில் நிரப்பும் படிவங்கள் வந்தன. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 தரநிலை படிவத்தை வலையின் மொழியிலேயே சேர்த்தது. அதுவரை பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வலை, கேள்வி கேட்கவும் கற்றுக்கொண்டது. இதனால்தான் வீட்டிலிருந்தே பயணச்சீட்டு எடுக்கிறோம், தேர்வுக்கு விண்ணப்பிக்கிறோம். நன்மை பெரிது. ஆனால் கேள்வியை எழுதியவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தை உலக வழக்கம் என்று எண்ணி எழுதினார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1988இல் எக்ஸ்.500 என்ற பெயரில், கணினி வலையமைப்புகளில் ஆட்களின் விவரங்களை வைத்துக்கொள்வதற்கான உலகத் தரநிலை ஒன்று உருவானது. பிறகு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவிய எல்டாப் கோப்பகங்கள் இதன் வழிவந்தவை. அந்தத் தரநிலையில் 'நபர்' என்று ஒரு வகை உண்டு. நபராகப் பதிவாவதற்குக் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வழங்கும் பெயர். மற்றொன்று, குடும்பப் பெயர். கடவுச்சொல்லும் தொலைபேசி எண்ணும்கூட இல்லாமல் இருக்கலாம். குடும்பப் பெயர் இல்லாதவர் அந்தத் தரநிலையின்படி நபராகவே பதிவாக முடியாது. எழுதியவர்களுக்கு யார் மீதும் வன்மம் கிடையாது. தங்களைப் போலவே எல்லோரும் இருப்பார்கள் என்ற எண்ணம், அவ்வளவுதான். ஆதிக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது சமூகவியல் வகுப்பில் முதலாண்டே சொல்லித்தரும் பாடம்.

1998இல் வந்த விகார்டு 3.0 தரநிலையும் அதே வழியில் போனது. கைப்பேசிகளிலும் மின்னஞ்சலிலும் நாம் பரிமாறிக்கொள்ளும் தொடர்பு அட்டை அது. அதிலும் குடும்பப் பெயர், இட்ட பெயர் எனப் பிரித்து எழுதும் பகுதி கட்டாயம்.

இன்னொரு பக்கம், 1995இல் நெட்ஸ்கேப் உலாவியோடு ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. நிரப்பிய படிவத்தை அனுப்புவதற்கு முன்பே உலாவி சரிபார்த்துத் திருப்பிவிட முடிந்தது. 2014 அக்டோபரில் தரநிலையான எச்.டி.எம்.எல். 5, அதற்கு ஜாவாஸ்கிரிப்ட்கூடத் தேவையில்லை என்று ஆக்கியது. கட்டத்தோடு 'ரெக்வயர்டு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். என் தங்கை சொன்ன ஒரு வார்த்தை இதுதான்.

காகிதப் படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் எழுத்தரிடம் போய்ப் பேசலாம். அவர் எரிந்து விழுவார், காக்க வைப்பார். ஆனாலும் அவர் ஒரு மனிதர். ஓரத்தில் எழுதிக் கொடுக்கலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம். நட்சத்திரக் குறியிடம் யாரும் முறையிட முடியாது. நம் மக்களை அலுவலக வாசலில் நிறுத்திய கை இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

உண்மைப் பெயர் எது?

1993 ஜூலையில் நியூயார்க்கர் இதழில் பீட்டர் ஸ்டெய்னர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று வெளியானது. கணினி முன் உட்கார்ந்திருக்கும் நாய், இணையத்தில் நாம் நாய் என்று யாருக்கும் தெரியாது என்று இன்னொரு நாயிடம் சொல்கிறது. பலர் இதைச் சிரிப்பாகப் பார்த்தார்கள். ஊர் எது, தெரு எது என்று கேட்டுக் கேட்டே ஒதுக்கப்பட்டவர்களுக்கு, அப்படிக் கேட்காத ஓர் இடம் எவ்வளவு பெரிய விடுதலை என்பது வேறு விஷயம். புனைபெயர் வைத்துக்கொண்டு துணிந்து பேசிய ஒடுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் புனைபெயர் அவர்களின் வேலையையும் உயிரையும் காத்தது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 2004இல் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபேஸ்புக் உண்மைப் பெயரை வலியுறுத்தியது. 2011இல் வந்த கூகுள் பிளஸ், உண்மைப் பெயராகத் தெரியாத கணக்குகளை முடக்கியது. எதிர்ப்பு வலுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலையில், அந்த விதியைக் கைவிட்டது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில், மேடைப் பெயரிலேயே வாழ்ந்துவந்த பாலினச் சிறுபான்மைக் கலைஞர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் முடக்கப்பட்டன. அவர்கள் ஒன்று திரண்டார்கள். அக்டோபரில் அந்நிறுவனத்தின் உயரதிகாரி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் சிலரின் பெயர்கள் போலிப் பெயர்களாகக் கருதப்பட்டு முடக்கப்பட்டன. ஓர் இனம் வழிவழியாகச் சூட்டிவரும் பெயரை, நேற்று வந்த ஒரு நிறுவனம் பெயரே இல்லை என்றது.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் கடைசிப் பெயரைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு அது. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லாமே தனியார் நிறுவனங்கள். இன்று அதே விண்ணப்பம் இணையப் படிவத்தில் போகிறது. அங்கே கடைசிப் பெயர் தனிக் கட்டத்தில், தனியாக எடுத்துத் தேட வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

கல்யாணத் தளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 1990களின் இறுதியில் தரகரும் நாளிதழ் விளம்பரமும் இணையத்துக்கு வந்தபோது, சாதி ஒரு தேர்வுப் பட்டியலாக வந்து சேர்ந்தது. சாதி தடையில்லை என்பதை ஒருவர் தனியாகக் குறியிட்டுச் சொல்ல வேண்டும். சாதி பார்ப்பது இயல்பு, பார்க்காதது விதிவிலக்கு என்று ஒரு சின்னச் சதுரம் தினமும் பாடம் நடத்துகிறது.

திருத்தப்பட்ட கட்டங்கள்

இத்தனையும் சொன்னேன் என்பதற்காக இதற்கு விடிவே இல்லை என்று எண்ண வேண்டாம். கட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

2010இல் பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலர், மனிதப் பெயர்களைப் பற்றி நிரலர்கள் நம்பும் தவறான எண்ணங்களைப் பட்டியலிட்டு எழுதினார். உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, பல்வேறு பண்பாடுகளில் பெயர்கள் எப்படி அமைகின்றன என்று விளக்கும் வழிகாட்டியை வெளியிட்டது. 2011 ஆகஸ்டில் வந்த விகார்டு 4.0, பிரித்து எழுதும் பகுதி கட்டாயம் என்ற விதியை நீக்கியது. முழுப்பெயர் ஒன்று போதும் என்றது. எச்.டி.எம்.எல். தரநிலையே இன்று, பெயரைத் துண்டு துண்டாகக் கேட்கும் கட்டங்களில் மேற்கத்தியச் சார்பு வெளிப்படுகிறது, பலருக்கு ஒற்றைப் பெயர்தான் உண்டு, ஆகவே ஒரே கட்டமாகக் கேளுங்கள் என்று அறிவுறுத்துகிறது.

தரநிலை திருந்தினாலும் ஊர்க் கணினி மையம் வரை அது வந்து சேர்வதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்றபோது, துபாய்க்குப் புறப்படவிருந்த நம் ஊர்க்காரர்கள் கலங்கிப் போனார்கள். தந்தை பெயர் கடவுச்சீட்டில் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த விளக்கம் வரும்வரை டிக்கெட் எடுத்தவர்களின் வயிற்றில் நெருப்பு.

இனி வரும் கட்டம்

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2027 மார்ச் 1ஐ மையத் தேதியாகக் கொண்டு நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. மின்னணு முறையில் நடக்கப்போகும் முதல் கணக்கெடுப்பு. நாமே இணையத்தில் நிரப்பும் வசதியும் உண்டு. 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளும் அதில் கணக்கெடுக்கப்படும். அதாவது, துளையிட்ட அட்டை, அயோத்திதாசர் கவனித்த அந்தப் பத்தி, என் தங்கை எழுதும் அந்த ஒரு சொல், மூன்றும் ஒரே திரையில் வந்து சேரப்போகின்றன.

இதில் எளிய விடை கிடையாது. அவரவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும் திறந்த கட்டம் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பார்த்தோம். ஏறத்தாழ 46 லட்சம் சாதிப் பெயர்கள் பதிவானதாக ஒன்றிய அரசு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1931இல் எண்ணிக்கை 4,147. எழுத்துப்பிழையும் உட்பிரிவும் பட்டப்பெயரும் எல்லாம் தனித்தனிச் சாதிகளாகிவிட்டன. அந்தக் கணக்கின் சாதி விவரம் பயன்படாமலே போனது. மாறாக, முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பட்டியலில் யார் எந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்பதைப் பட்டியல் போட்டவரே முடிவு செய்கிறார். பழைய இழிபெயர் ஒன்று அந்தப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கலாம். மதம் மாறியவரை ஒரு கட்டம் தானாகவே வெளியே தள்ளலாம். சாதி இல்லை என்று சொல்ல நினைப்பவருக்கு இடமே இல்லாமல் போகலாம்.

எங்கே சாதியைக் கேட்க வேண்டும், எங்கே கேட்கக்கூடாது என்பதுதான் கேள்வி. இடஒதுக்கீட்டுக்கும் நலத்திட்டத்துக்கும் கணக்கெடுப்புக்கும் அது நம் உரிமையின் சான்று. அங்கே நேராக, மரியாதையான பெயரில் கேட்கட்டும். வேலை விண்ணப்பத்திலும் கல்லூரிப் படிவத்தின் பெயர்க் கட்டத்திலும், கடைசிப் பெயர் என்ற போர்வையில் அது நுழையக்கூடாது.

ஆகவே தோழர்களே, வரைவுப் படிவங்கள் வெளிவரும்போது அவற்றைக் கேட்டு வாங்கிப் படிப்போம். பட்டியலில் நம் மக்கள் எந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். நம் பிள்ளைகள் இன்று பலர் இணைய வடிவமைப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பெயருக்கு ஒரே ஒரு கட்டம் வையுங்கள். நட்சத்திரம் போடுவதற்கு முன் அந்த அம்மாவை ஒரு நொடி நினையுங்கள்.

என் தங்கை கடந்த மாதம் அழைத்திருந்தாள். அவள் நிறுவனத்தில் புதிதாகச் செய்யும் ஒரு கல்வித் தளத்தில் கடைசிப் பெயர்க் கட்டத்தையே எடுத்துவிட்டாளாம். மேலாளர் ஏன் என்று கேட்டாராம். "எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அது கிடையாது சார்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, எங்க பாட்டிக்கும் கிடையாதுமா, அப்படியே விட்டுடுன்னு சொல்லிட்டார்" என்றாள்.

எடுக்க வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.